பதினேழாம் நம்பர் பரிசல் எங்கே போனது?

சந்தேகப்படுவதற்காகவே மாதச் சம்பளம் தருகிற வேலைகள் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று போலீஸ் வேலை, இன்னொன்று என் வேலை. போலீசுக்காவது தொப்பி உண்டு.

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ரைஸ் மில், கிளினிக் டோக்கன், பள்ளிக்கூட வேன் என்று எது வந்தாலும் அதற்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்போம். எழுதுவது ஒரு மாதம், பழுது பார்ப்பது ஆயுசு முழுக்க. ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு’ என்று ஃபோனில் கேட்டுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

பின்னால் நடக்கிற படிப்பு

மேல்படிப்பில் நான் எடுத்துக்கொண்டது புரோகிராம் ஸ்லைசிங். வேலை கேட்டு வந்த அன்று முதலாளி சலீம் பாய் அது என்னவென்று கேட்டார். ஒரு புரோகிராமில் ஓர் இடத்தில் விடை தப்பாக வருகிறது என்றால், அந்த இடத்திலேயே நின்றுகொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். அந்த விடையைத் தொட்டிருக்கக்கூடிய வரிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். தொட வாய்ப்பே இல்லாத வரிகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆறாயிரம் வரியில் நூறு வரி மிஞ்சினால் தேடுவது சுலபம். இவ்வளவுதான் விஷயம் என்றேன்.

இரண்டு மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் புரோகிராமில் இது அவ்வளவு சுலபமில்லை என்றும் சொன்னேன். எது முந்தியது, எது பிந்தியது என்று ஒவ்வொரு தடவையும் மாறும். நாம் பார்க்கும்போது ஒழுங்காக நடக்கும், திரும்பிக்கொண்டால் குட்டையைக் குழப்பும். அதிலும் ஒவ்வொரு பொருளையும் ஒரு தனி ஆளாக வைத்து எழுதியிருந்தால், ஒரே ஆளை இரண்டு பக்கமிருந்து இரண்டு பேர் இழுப்பார்கள். அதனால் எல்லா வரி மேலும் சந்தேகம் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், யாரையும் முகத்தைப் பார்த்து விடக்கூடாது என்று கொஞ்சம் பெருமையாகவே முடித்தேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “எங்க மாமியா இதைப் படிக்காமயே பண்றாங்கம்மா. சரி, திங்கக்கெழம வந்துடுங்க.”

மல்லேஷ் கொண்டுவந்த புகார்

ஒகேனக்கல் பக்கம் ஒரு துறையில் நாற்பது பரிசல்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சவாரிக்கு யார் முதலில், யார் அடுத்தது என்ற வரிசையை முன்பெல்லாம் நோட்டில் எழுதுவார்கள். நாலு மாதத்துக்கு முன் அதை சாஃப்ட்வேராக்கிக் கொடுத்தோம். எழுதியது நான்தான். மேல்துறையில் ஒரு சன்னல், அங்கே கௌரம்மா. கூட்டம் அதிகம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழ்த்துறையிலும் ஒரு சன்னல் திறப்பார்கள். இரண்டு சன்னலுக்கும் ஒரே வரிசை.

ஒரு நாள் காலை மல்லேஷ் என்ற பரிசல்காரர் படியேறி வந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சின்னமாது, பதினேழாம் நம்பர் பரிசல். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சவாரியே வரவில்லையாம். காலையில் முதல் ஆளாகப் போய் நின்றவர் சாயங்காலம் சும்மா வீடு திரும்பியிருக்கிறார். அதில் ஒரு ஞாயிறு தானே அங்கே இருந்ததாக மல்லேஷ் சொன்னார். மஞ்சக்காமாலையில் நாற்பது நாள் படுத்து எழுந்து வந்த அன்று தனக்குக்கூட முதல் சவாரி கிடைத்தது, சின்னமாதுவுக்கு நாள் பூரா ஒன்றுமில்லை. கேட்டால் சின்னமாது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். கௌரம்மாவின் தம்பிக்கும் சின்னமாதுவுக்கும் போன வருஷம் மீன் வலை விஷயமாக ஒரு தகராறு. அதனால் கௌரம்மாதான் பெயரைத் தூக்குகிறார் என்று துறை முழுக்கப் பேச்சு. மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் கௌரம்மாவைச் சன்னலை விட்டு எடுத்துவிடுவதாகச் சங்கம் முடிவு செய்துவிட்டது.

புரோகிராமில் கோளாறு இருக்கலாமே என்று, எழுதியவள் நான் என்பதால், கொஞ்சம் மெதுவான குரலில் கேட்டேன். மல்லேஷ் தலையை ஆட்டினார்: “கம்ப்யூட்டருக்கு ஆளப் பாத்து வஞ்சம் வெக்கத் தெரியாதுங்க மேடம். மனுசனுக்குத்தான் தெரியும்.”

நாளைய கோபம், நேற்றைய குற்றம்

‘அடுத்த பரிசல் எது’ என்று வரிசையைப் படிக்கும் வரியில் நின்றுகொண்டு பின்னால் நடந்தேன். ஆறாயிரம் வரியில் நூற்றுச் சொச்சம் மிஞ்சியது. ஒவ்வொன்றாக விசாரித்தேன். சாயங்காலம் துறையை மூடும்போது வரிசையை அழிக்கிற வரியும் அந்தக் கும்பலில் நின்றது. காலையில் நடந்த தப்புக்குச் சாயங்காலம் ஓடுகிற வரி எப்படிப் பொறுப்பாகும்? ஒரே நேரத்தில் பல வேலை ஓடும் புரோகிராமில் ஸ்லைசிங்குக்கு இருக்கிற பழைய வியாதி இது. அதைத் தொட்டது இது, இதைத் தொட்டது அது என்று கோத்துக்கொண்டே போகும். எது முன்னால் நடந்தது என்று பார்க்காமல் விட்டால் நாளை நடப்பதை நேற்றின் தலையில் கட்டிவிடும்.

அதே நாள் துறையிலிருந்து பாய்க்கு ஃபோனில் ஒரு புதுச் செய்தி வந்தது. மல்லேஷ் புகார் கொடுத்த ஆத்திரத்தில்தான் கௌரம்மா பதினேழாம் நம்பரை எடுத்தாராம். புகார் வந்ததே மூன்று ஞாயிறும் முடிந்த பிறகு. இதை பாயிடம் விளக்கி, அந்தச் சாயங்கால வரியையும் காட்டினேன். அவர் திரையையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க மிசினும் துறைக்காரங்களும் ஒரே காலேஜ்ல படிச்சிருப்பாங்க போல.”

ஃபோனில் ஒரு நிமிஷ மௌனம்

சந்தேகமில்லாத வரிகளை அடித்துக்கொண்டே வந்ததில் பத்துப் பன்னிரண்டு வரிகள் மிஞ்சின. அதில் ‘இடம் மாற்று’ என்ற பட்டனும் இருந்தது. முதலில் நிற்கிற பெயரைப் பின்னாலும், பின்னால் நிற்கிற பெயரை முன்னாலும் வைக்கிற பட்டன். சங்கம் கேட்டு வாங்கியது. அது அமுக்கப்பட்டதற்குப் பதிவே இருக்கக் கூடாது என்று அப்போதே கறாராகச் சொல்லியிருந்தார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டேன்.

பதிவு இல்லாததால் கௌரம்மாவையே ஃபோனில் கூப்பிட்டு, அந்தப் பட்டனை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம். பிறகு பதில் வந்தது. அந்த மௌனத்தை நான் குறித்துவைத்துக்கொண்டேன். பட்டனை விட்டுவிட்டு ஆளைச் சந்தேகிக்க ஆரம்பித்ததும் அந்த நிமிஷத்தில்தான். பட்டன் நான் எழுதியது, ஒரு சன்னலை வைத்துச் சோதித்தும் பார்த்தது. அதில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்று அதை அடித்துவிட்டேன். கௌரம்மா சொன்ன பதில் இதுதான்: “அதெல்லாம் இங்க யாரும் அமுக்கறதில்ல கண்ணு.”

பென்னாகரம் தாண்டி

அடுத்த ஞாயிறு ஒகேனக்கல் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் மீன் வறுக்கிற கடைக்காரம்மா, மடியில் மிளகாய்த்தூள் பை. எதற்குப் போகிறேன் என்று கேட்டார். ஒரு தப்பு நடந்திருக்கிறது, யாரால் என்று பார்க்கப் போகிறேன் என்றேன். பிறகு, வாய் சும்மா இருக்காமல், கௌரம்மா எப்படிப்பட்டவர் என்று நான் பாட்டுக்கு விசாரித்தேன். சன்னலில் இருபது வருஷமாக இருப்பவர், வேறு பிழைப்புக் கிடையாது, யார் வம்புக்கும் போகாதவர் என்று ஆரம்பித்த அந்தம்மா, பாதியில் நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மிளகாய்த்தூள் பையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். “யாரப் புடிக்கப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க, நான் வேற சீட்டுல உக்காந்துக்கறேன்.”

கவிழ்த்துவைத்த தகடு

மேல்துறைச் சன்னலுக்குள் கௌரம்மாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். லேப்டாப்பில் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது தெரிந்தது; டீ வாங்கித் தந்தபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பரிசல்காரருக்கும் நம்பர் போட்ட ஒரு தகரத் தகடு உண்டு. அதைச் சன்னலில் காட்டித்தான் வரிசையில் பெயர் கொடுப்பார்கள். அன்று முதல் பெயர் பதினேழு, சின்னமாது. ஒன்பது மணி வாக்கில் மொட்டைத் தலையோடு ஒருவர் வந்து தகட்டைக் காட்டினார். அப்பா காரியம் முடிந்து அன்றுதான் திரும்ப வந்திருக்கிறார் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் பெயர் வரிசையில் கடைசியில் ஏறியது. அவர் பரிசலைத் தூக்கப் போனதும் சின்னமாது சன்னலுக்கு வந்தார். தன் தகட்டைக் கவிழ்த்துவைத்தார். தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய்விட்டார்.

கௌரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் ‘இடம் மாற்று’ பட்டனை அமுக்கினார். யாரும் அமுக்குவதில்லை என்று சொன்ன அதே பட்டன். ‘பிடித்தேன்’ என்று எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. திரையில் ‘சரியா?’ என்ற கேள்வி வந்து நின்றது. அதற்குப் பதிலே சொல்லாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சவாரி மொட்டைத் தலைக்காரருக்குப் போனது; அவர் ஆட்களை ஏற்றினார், துடுப்பைப் போட்டார், பரிசல் கரையை விட்டு நகர்ந்தது. அதன் பிறகுதான் ‘சரி’யை அமுக்கினார். ஏன் இவ்வளவு நேரம் என்று அதட்டலாகவே கேட்டேன். அவர் தகட்டை நிமிர்த்தித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பரிசல் தண்ணியத் தொட்டாத்தான் கண்ணு குடுத்தது குடுத்தது. அதுக்கு முன்னாடி நான் எப்படிச் சரின்னு சொல்றது?”

என் வரி

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். சாவு விழுந்த வீட்டிலிருந்தோ, சீக்கில் கிடந்து எழுந்தோ ஒருவர் திரும்பி வந்தால், வரிசையில் முதலில் நிற்பவர் முதல் சவாரியை அவருக்கு விட்டுவிட்டு அவர் இடத்துக்கு, அதாவது கடைசிக்குப் போய்விடுவார். கொடுத்தது யார் என்று வாங்கியவருக்குக்கூடத் தெரியக் கூடாது. சன்னலில் இருப்பவருக்கு மட்டும் தெரியும். அவரும் சொல்லக் கூடாது. பதிவு வேண்டாம் என்று சங்கம் கேட்டதும், ஃபோனில் கௌரம்மா பொய் சொன்னதும், வாய்ப்பு போன பின்னும் சின்னமாது வாய் திறக்காததும் இதனால்தான். கேட்டால் கொடுத்ததைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

லேப்டாப்பைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் பதினேழு இல்லை. பட்டனை அமுக்கியதும் என் புரோகிராம் திரும்பி வந்தவரை முன்னால் வைக்கிறது. கொடுத்தவர் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு ‘சரியா?’ என்று கேட்கிறது. ‘சரி’ வந்ததும் அந்தப் பெயரைக் கடைசியில் வைக்கிறது. நடுவில் இரண்டு நொடிதான் ஆகும் என்று எண்ணி எழுதினேன். பரிசல் தண்ணீரைத் தொடும்வரை ஒரு மனுஷி காத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் கீழ்த்துறைச் சன்னலில் ஒருவர் பெயர் கொடுத்தால் புரோகிராம் புதிய பட்டியலுக்கு மாறிவிடும். கையில் இருந்த பெயர் பழைய பட்டியலில் போய் உட்காரும். பழைய பட்டியலை யாரும் படிப்பதில்லை. பெயர் காணோமே என்று தோன்றினால், கீழ்த்துறையில் சவாரி எடுத்திருப்பார் என்று கௌரம்மா நினைத்துக்கொள்வார்; கீழ்த்துறையில் இருப்பவர் மேல்துறை என்று நினைத்துக்கொள்வார். இடத்தை விட்டுக்கொடுத்தவர் பெயரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தொலைக்கிற ஒரு வரியை நான் எழுதியிருக்கிறேன். அதை நானே கையில் எடுத்து, நிரபராதி என்று அனுப்பியும் வைத்திருக்கிறேன்.

பதினேழாம் நம்பரைக் கையாலேயே வரிசையில் சேர்த்தேன். நாலு மணிக்குச் சின்னமாதுவுக்குச் சவாரி கிடைத்தது. கௌரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சங்கத்தில் நானே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “யாரு குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு. என்னை எடுத்தாலும் பரவால்ல.”

பாயின் கவலை

திங்கட்கிழமை பாயிடம் ஒப்பித்தேன். தப்பு எங்களுடையது என்று சபையில் சொன்னால் அப்புறம் எந்தத் துறைக்காரன் எங்களிடம் வருவான் என்று அவர் கவலைப்பட்டார். ‘அப்டேட்’ செய்துவிட்டோம், இனி வராது என்று மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்டார். அப்படிச் சொன்னால் பழி கௌரம்மா தலையிலேயே நின்றுவிடும் என்றேன். அவர் சன்னல் பக்கம் போய், கீழே சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொல்லிடும்மா. ஆனா ‘நாங்க’ன்னு சொல்லு, ‘நான்’னு சொல்லாத.”

சங்கக் கூட்டம்

செவ்வாய்க்கிழமை காலை, மீன் கடைத் தகரக் கொட்டகைக்குக் கீழே கூட்டம். நாற்பது பேர் நின்றார்கள். கௌரம்மா சன்னல் சாவியை இடுப்பில் செருகாமல், எடுத்துக் கொடுக்கத் தயாராகக் கையில் வைத்திருந்தார். நான் எழுந்து, பிழை புரோகிராமில் இருந்தது, அதை எழுதியது நாங்கள், கௌரம்மாக்கா சரியாகத்தான் வேலை செய்திருக்கிறார், இப்போது திருத்திவிட்டோம் என்றேன். எந்த இடத்தில் பிழை என்று தலைவர் கேட்டார். சொல்ல முடியாது என்றேன். முணுமுணுப்பு கிளம்பியது. கௌரம்மா வாங்கித் தந்த டீ வேலை செய்கிறது என்று பின்னால் ஒருவர் சொன்னார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு, நாற்பது பேர் ஒரே நேரத்தில் என்னைச் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மல்லேஷ் முன்னால் வந்தார். இடத்தைச் சொல்லாவிட்டால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதிலும் மூன்று ஞாயிறு மட்டும் எப்படிப் பதினேழாம் நம்பர் போகும் என்று கேட்டார். விரலை மடக்கி எண்ணினார். முதல் ஞாயிறு, முனியப்பன் அவங்கம்மா காரியம் முடிந்து வந்த அன்று. இரண்டாவது ஞாயிறு, தான் நாற்பது நாள் படுத்து எழுந்து வந்த அன்று. இரண்டாவது விரல் மடங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டார். அன்று முதல் சவாரி யாருக்குக் கிடைத்தது என்பது அவருக்குத் தெரியும். அன்று முதலில் நின்றது யார் என்று அவரே எங்கள் ஆபீசில் வந்து சொல்லியிருக்கிறார்.

முணுமுணுப்பு அடங்கியது. ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சின்னமாது மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பி, துடுப்பில் ஒட்டியிருந்த தாரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மல்லேஷ் துண்டால் முகத்தைத் துடைத்தார். சின்னமாதுவைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. கௌரம்மாவுக்கு முன்னால் போய் நின்று தன் தகட்டை நீட்டினார்: “பேச்சு முடிஞ்சுதுங்க. சன்னலத் தெறங்கக்கா, வரிசையப் போடுங்க.”

இப்போதெல்லாம் பிழை என்று ஃபோன் வந்தால் முதலில் நான் எழுதிய வரிகளைத்தான் திறக்கிறேன். ஊரைச் சந்தேகப்பட அதற்கப்புறமும் எனக்கு நேரம் மிச்சமிருக்கத்தான் செய்கிறது.